பந்தியில் புகுந்த மாத்திரை

அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி உடு அம்மிணி. காத்து சில்லுன்னு மூஞ்சில அடிக்குது. சித்திரை மாசமா இருந்தா என்ன, காத்து காத்துதான? உனக்கு வேர்க்குதா? வேர்க்கட்டும், வேர்த்தா ஒடம்புக்கு நல்லது. எனக்கு ஸ்வெட்டரு போட்டும் நடுக்கம் நிக்கல. சித்த அக்கட்டால தள்ளிக்க. இந்த பஸ்ஸு சீட்டெல்லாம் முந்தி நல்ல அகலமா இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் சின்னதாப் பண்ணிப்போட்டாங்க.

இரு, போனு அடிக்குது. அவளேதான். பாரு, 'வெளிச்ச டாக்டர்'னு பேரு போட்டு வெச்சிருக்கறேன். அடிச்சு அடிச்சு ஓயட்டும். நான் எடுக்க மாட்டேன்.

ஏன்னு நீ கேக்கலீன்னாலும் நான் சொல்லோணும். பொள்ளாச்சி போய்ச் சேர்ற வரைக்கும் பொழுது போவோணுமல்லோ.

என்ற பேரு துளசாமணி. உடுமலைதான் ஊரு. கல்யாணம் தெகைய வெக்கறது என்ற சோலி. தரகுன்னு நெனைச்சுக்காத. தரகு வாங்கறவங்க வேற, நான் வேற. ஒருத்தர்கிட்ட கை நீட்டிக் காசு வாங்குனதில்ல. பொண்ணு ஊட்டுல ஒரு பட்டுச் சேலை, அவ்வளவுதான். அதையும் நான் வாயத் தொறந்து கேக்கறதில்ல. நல்ல சேலையா எடுக்கோணுமேன்னு கூடவே கடைக்குப் போய் நானே எடுத்துக்குவேன். எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சேன்னு கணக்கெல்லாம் வெச்சுக்கறதில்ல அம்மிணி. முப்பத்தொண்ணு. அதுல ஒண்ணுகூட முறிஞ்சதில்ல. ரெண்டு முறிஞ்சுது, ஆனா அது என்ற கணக்குல வராது.

இத்தனை கல்யாணத்துல நான் கண்டுக்கிட்டது என்ன தெரியுமா? சாதகம் பாக்கறாங்க, தோப்பு பாக்கறாங்க, வேலை பாக்கறாங்க. எல்லாம் பாத்து முடிச்சுட்டுக் கடைசியில கண்ணு போய் நிக்கற எடம் தலைமுடி. பொண்ணு பாக்க வர்ற பொம்பளைங்க பூ வெச்சு உடற சாக்குல ஜடையப் புடிச்சுத் தூக்கி எடை பாக்கறாங்க. மாப்பிள்ளை காப்பி குடிக்கக் குனிஞ்சா, பொண்ணோட சித்தி எட்டி நின்னு உச்சந்தலையப் பாக்கறா. நான் கண்ணால பாத்திருக்கறேன். நானே எட்டிப் பாத்திருக்கறேன்.

அதுக்கோசரந்தான் மாத்திரை. மருந்துக்கடையில முடிக்குன்னே விக்கறாங்க. அட்டையில பயோட்டின்னு போட்டிருக்கும். வைட்டமின்தான், விசமில்ல. நான் வருசக்கணக்காப் போடறேன். என்ற கொண்டையப் பாரு. தொடாத, பாரு. உள்ள கொஞ்சம் சவுரி இருக்கும், அது சும்மா ஒரு புடிமானத்துக்கு. மத்தபடி எல்லாம் மாத்திரை பண்ணுன வேலை. இல்லீன்னா எனக்குக் கொட்டற கொட்டுக்கு எப்பவோ வழிச்சுட்டுப் போயிருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். என்ற தங்கச்சி வசந்தாமணியோட புள்ளை சிவரஞ்சனி. பேங்க்குல வேலை. தங்கமான கொணம். ஆனா முடி? எலிவாலு. வயசு இருபத்தொம்பது ஆச்சு. இந்த எடத்துக்கு முன்னால வந்த ரெண்டு எடமும் ஜடையத் தொட்டுப் பாத்துட்டு, "சொல்லி அனுப்பறோம்"னு போனாங்க. சொல்லியே அனுப்பல. புள்ளை அழுகல. ஆனா கண்ணாடி முன்னால நிக்கறத நிறுத்திப்போட்டா. பேங்க்குக்குக் கெளம்பறப்ப செவுத்தப் பாத்துப் பொட்டு வெச்சுக்கிட்டுப் போறா அம்மிணி. அதப் பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இவளுக்கு நல்ல எடத்துல முடிக்கலீன்னா நான் முப்பத்தொண்ணு முடிச்சு என்ன புண்ணியம்னு தோணிப்போச்சு.

மாப்பிள்ளை கௌரிசங்கரு. நெகமத்துப் பக்கம், தேங்காநார் மில்லுல மேனேஜரு. அப்பா இல்ல. அம்மா பரிமளா டீச்சரு, பெரிய பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. பையன் சாது. தலைதான் கொஞ்சம் இது. காதுக்கு மேல இருக்கற முடிய நீளமா வளத்தி, நடுமண்டை வழியா அந்தப் பக்கத்துக் காதுக்குத் தாட்டி உட்டிருப்பான். காத்தடிச்சா அது மொத்தமா எந்திரிச்சு நின்னுக்கும்.

ரெண்டு பேருக்கும் மாத்திரை குடுத்தேன். அவளுக்குத் தெரியாம அவனுக்கு, அவனுக்குத் தெரியாம அவளுக்கு. அட்டையில நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. பொண்ணு பாக்கற நாளுக்கு இன்னும் எத்தனை நாளு இருக்குது? நானே காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு கூட்டிக் குடுத்தேன். ரெண்டு பேருகிட்டயும் மாசாணியம்மன் மேல சத்தியம் வாங்கிட்டேன். "ஊட்டுல கேட்டாலும் சொல்லக் கூடாது, டாக்டரு கேட்டாலும் சொல்லக் கூடாது. வெளிய தெரிஞ்சா காரியம் கெட்டுப்போகும்"னேன். பையன் மட்டும், "பொண்ணுக்குப் பின்னால தெரிஞ்சா என்ன நெனைப்பாங்கம்மா?"ன்னு இழுத்தான். "தாலி கழுத்துல ஏறிருச்சுன்னா அப்புறம் ஆரு தலையத் தம்பி பாக்கறாங்க?"ன்னேன். மனசு சமாதானம் ஆயிட்டான்.

பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் பண்ணுன ஏற்பாட்ட நீ பாத்திருக்கோணும். ரஞ்சனிக்குச் சவுரி வெச்சு முழங்கால் வரைக்கும் ஜடை. அதுக்கு மேல மல்லிப்பூ, ஆரும் தொட்டுப் பாக்க எடமே இல்லாம. மாப்பிள்ளை உக்கார்ற எடத்துக்கு மேல ஃபேன் இருந்துச்சா, அதுக்குக் காத்தாலயே சுச்ச நிறுத்திட்டேன். "ஃபேன் ரிப்பேருங்க"ன்னுட்டேன். எல்லாரும் வேர்த்து ஊத்த உக்காந்திருந்தாங்க. எனக்கு மட்டும் எதமா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தலையப் பாக்காமக் கண்ணப் பாத்துச்சுங்க. பேசச் சொல்லி உட்டா அரை மணி நேரம் ஆகியும் வரல. அப்பவே தெகைஞ்சுதுன்னு நெனைச்சேன்.

அந்த டீச்சரம்மா கெடுத்தாங்க. "எல்லாம் சரி. உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றதுக்கு முன்னால ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை பாத்துருவோம். என் பையனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்"னாங்க. ஹெட்மாஸ்டரல்லோ, பரீச்சை வெக்காம உடுவாங்களா?

பொள்ளாச்சியில புதுசா ஒரு லேபு வந்திருக்குது. அங்கதான் அந்த வெளிச்ச மெஷினு. ஒரு துளி ரத்தம் போதுமாம். அதுல என்னென்னமோ மருந்தக் கலந்து, துளியூண்டு கரண்டு உட்டா, உள்ளுக்குள்ள வெளிச்சம் வருமாம். அந்த வெளிச்சம் எவ்வளவுன்னு அளந்து, ஒடம்புல என்ன கொறைச்சல், என்ன ஜாஸ்தின்னு சொல்லிருமாம். கடுகத்தனை கோளாறா இருந்தாலும் தப்பாதாம். "ஏனுங்க, மின்மினியப் புடிச்சுப் போட்டிருக்கறீங்களா?"ன்னு கேட்டேன். ரத்தம் எடுக்கற புள்ளை சிரிச்சுக்கிட்டே, "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"ன்னு ரஞ்சனியக் கேட்டுச்சு. "இல்லீங்"னா. மாப்பிள்ளையக் கேட்டுச்சு. "இல்லீங்"னான். எனக்குப் பெருமை தாங்கல. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புள்ளைங்க.

அன்னைக்குக் காலையில நானே ரெண்டு பேருக்கும் போனு பண்ணி, மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் கெளம்புனேன். வெறும் வயித்துல வரோணும்னு லேபுல சொன்னாங்கதான். மாத்திரை என்ன சோறா?

சாயங்காலம் முடிவு வாங்க எல்லாரும் லேபுக்குப் போனோம். வந்துச்சு பாரு அம்மிணி. ரஞ்சனிக்குத் தைராய்டு தறிகெட்டு ஓடுதாம். எங்க வசந்தாமணி அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டா. டீச்சரம்மா மூஞ்சி இறுகிப் போச்சு. "மன்னிச்சுக்கங்க, நாங்க யோசிக்கணும்"னு எந்திரிச்சாங்க. அப்ப ரத்தம் எடுத்த புள்ளை மாப்பிள்ளையோட முடிவக் கொண்டாந்து குடுத்துச்சு. அவனுக்கும் அதே! அதே சீக்கு, அதே அளவு, ஒரு நூல் இப்படி அப்படி. உடனே வசந்தாமணி நிமிந்து உக்காந்து, "நாங்களும் யோசிக்கோணுமுங்க"ன்னா.

நான் உடுவனா? "ஏனுங்க, பத்துப் பொருத்தத்தோட பதினொண்ணாவது பொருத்தமும் இருக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு, ஒரே மருந்து, செலவு மிச்சம்"னேன். ஆரும் சிரிக்கல. டீச்சரம்மா, "ரெண்டு பக்கமும் இருந்தா நாளைக்குப் பொறக்கற கொழந்தை என்ன ஆகறது? மொதல்ல ரெண்டு பேரும் மருந்து ஆரம்பிக்கட்டும். கல்யாணப் பேச்ச இத்தோட விட்டுருவோம்"னுட்டாங்க. ரஞ்சனி பழையபடி செவுத்தப் பாத்தா.

அப்பத்தான் அவ வந்தா, லேபுக்குப் பெரிய டாக்டரு. ரெஜினான்னு பேரு. சின்ன வயசு, குட்டை முடி. இத்துனூண்டு முடிய வெச்சுக்கிட்டு எவ்வளவு தைரியமா நடக்கறா! ரெண்டு முடிவையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா. அப்புறம் ரெண்டு பேரு நாடியையும் புடிச்சுப் பாத்தா. கையை நீட்டச் சொல்லி, நீட்டுன வெரல் மேல ஒவ்வொரு காயிதத்த வெச்சா. இந்தச் சீக்கு நெஜமா இருந்தா கை நடுங்கிக் காயிதம் ஆடோணுமாம். ரஞ்சனி கையில காயிதம் அசையல. மாப்பிள்ளை கையிலயும் அசையல. வசந்தாமணி கைதான் ஆடுச்சு, அவ கையில காயிதமே இல்ல.

"படபடன்னு வருதா? எளைச்சுப் போனீங்களா? தூக்கம் வருதா?"ன்னு கேட்டா. மாப்பிள்ளை, "நல்லாத் தூங்கறனுங்க. மில்லுலகூடத் தூங்குவனுங்க"ன்னான். டீச்சரம்மா மொறைச்சாங்க.

"மெஷின் சொல்றது ஒண்ணு, ஒடம்பு சொல்றது ஒண்ணா இருக்கே"ன்னு டாக்டரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. "நெஜத்தச் சொல்லுங்க. முடிக்கு, நகத்துக்கு, அழகுக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னப் பாத்தாங்க. நான் கண்ணாலயே, சத்தியம், சத்தியம்னு காட்டுனேன். ரெண்டு பேரும், "இல்லீங்"ன்னாங்க.

அவ உடல. என்னையப் பாத்தா, அவங்களப் பாத்தா, அப்புறம் ஒரு கதை சொன்னா. பந்திக் கதை. எனக்குப் புரியோணும்னே சொன்னாளாட்ட.

"கல்யாணப் பந்தின்னு வெச்சுக்கங்க. மெஷினுக்குள்ள ஒரு பந்தி போட்டிருக்கோம். தைராய்டச் சுரக்கச் சொல்லித் தூண்டற சத்து ஒண்ணு உங்க ரத்தத்துல இருக்குது, அதுதான் விருந்தாளிங்க. ஒவ்வொரு விருந்தாளி கையிலயும் நாங்க ஒரு வெளக்கக் குடுத்து, ஒரு சீட்டையும் குடுத்து அனுப்பறோம். அந்தச் சீட்டு பயோட்டின். சீட்டு இருந்தாத்தான் பந்தியில எடம். எல்லாரும் உக்காந்ததும், எடம் கெடைக்காதவங்களத் தண்ணி ஊத்தி வெளிய அனுப்பிட்டு, கரண்ட் விடுவோம். வெளக்கு எரியும். எத்தனை வெளக்குன்னு பாத்தா எத்தனை விருந்தாளின்னு தெரிஞ்சுரும்."

"நெம்ப நல்ல ஏற்பாடுங்க"ன்னேன்.

"ஆனா அதே பயோட்டின ஒருத்தர் மாத்திரையா அள்ளி முழுங்கிட்டு வந்தா? ரத்தம் பூராம் சீட்டு. விருந்தாளியும் இல்ல, வெளக்கும் இல்ல, வெறும் சீட்டு மட்டும் ஓடிப்போய்ப் பந்தி முழுக்க எடம் புடிச்சுக்கும். வெளக்கு வெச்சிருக்கற நெஜ விருந்தாளி எல்லாம் எடமில்லாம வெளிய போயிருவாங்க. வெளிச்சம் கொறைஞ்சுரும். மெஷின் பாவம், விருந்தாளியே வரலன்னு எழுதிரும். தூண்டற சத்து கொறைஞ்சா, தூண்டாமலே தைராய்டு துள்ளுதுன்னு அர்த்தம். கூடவே பண்ற இன்னொரு பரிசோதனை தலைகீழ்க் கணக்கு. அதுல வெளிச்சம் கொறைஞ்சா ஜாஸ்தின்னு வரும். ரெண்டும் சேந்து ஒரே பொய்ய அடிச்சுச் சொல்லும்."

எனக்கு வந்துச்சே கோவம். என்ற மாத்திரை என்ன, கூப்பிடாமப் பந்திக்கு வந்து எடம் புடிக்கற ஆளுங்களா? காசு குடுத்து வாங்குன மாத்திரை அம்மிணி!

டாக்டரு குரல எறக்கிக்கிட்டா. "நீங்க சொல்லலன்னா இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பிப்பாங்க. நல்லா இருக்கற தைராய்டு அந்த மருந்துல கெட்டுப்போகும். சொல்லிட்டா, மாத்திரைய நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பாப்போம்"னா.

சொன்னா முடி ரகசியம் சம்பந்தி முன்னால ஒடைஞ்சு போகும். சொல்லலீன்னா கல்யாணமும் போச்சு, ஒடம்பும் போச்சு. நான் ரெண்டையும் யோசிச்சுப் பாத்தேன். ரகசியந்தான் முக்கியம்னு பட்டுச்சு. ஒடம்ப அப்புறம் பாத்துக்கலாம். ரஞ்சனியோட காலை என்ற காலால அழுத்துனேன்.

அவ காலை இழுத்துக்கிட்டா. எந்திரிச்சா. கையைப் பின்னால கொண்டுபோய் ஊசியெல்லாம் கழட்டி, அத்தனை பெரிய சவுரிய உருவி, பூவோட டாக்டரு மேசை மேல வெச்சா. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

"இவ்வளவுதாங்க என்ற முடி. மாத்திரை போடறேன், நாளைக்கு நாலு. அத்தைக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிருங்க. இல்லாத சீக்குக்கு மருந்து திங்கறதுக்கு, இல்லாத முடிய ஒத்துக்கலாமுங்க"ன்னா. இந்தத் தடவை செவுத்தப் பாக்கல. நேரா மாப்பிள்ளையப் பாத்தா.

அந்தப் பையன் என்ன பண்ணுனான் தெரியுமா? எந்திரிச்சுப் போய் ஃபேன் சுச்சப் போட்டான். போட்டுட்டு வந்து நடு ரூமுல ஃபேனுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டான். முடி மொத்தமும் ஒரு பக்கமா எந்திரிச்சு நின்னு ஆடுச்சு. "எனக்கும் அதே மாத்திரைதானுங்க. அதே அம்மாதான் குடுத்தாங்க"ன்னான்.

ரஞ்சனி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவன் சிரிச்சான். அந்த டாக்டரு திரும்பி நின்னுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் எல்லாரும் என்னப் பாத்தாங்க. டீச்சரம்மா, "துளசாமணியம்மா, இது பள்ளிக்கூடமா இருந்தா உங்களப் பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்"னாங்க.

நான் அசரல. "எல்லாருமாச் சேந்து என்ற மாத்திரை மேல பழி போடறீங்களா? நான் இவங்களுக்கு முன்னாலருந்து போடறேன், இவங்களவிட அதிகமாப் போடறேன். எனக்கும் ரத்தம் எடுங்க. அந்த மெஷினு என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்"னு கையை நீட்டிட்டேன். எடுத்தாங்க. காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிவு வந்துருச்சு. என்ன வந்துச்சுங்கறே? எல்லாம் சரி! அளவு கச்சிதமா நட்டநடுவுல! "பாத்தீங்களா?"ன்னு நான் அந்த ரூமையே ஒரு சுத்து சுத்தி வந்தேன்.

எல்லாரும் அந்தக் காயிதத்த எட்டிப் பாத்தாங்க. டாக்டரு மட்டும் காயிதத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா. "உங்களுக்குச் சரின்னு வந்ததுதாம்மா எனக்குச் சரியாப் படல"ன்னா. எப்படி இருக்குது நாயம்? அவங்களுக்குச் சீக்குன்னு வந்தா சீக்கு இல்லியாம். எனக்குச் சீக்கு இல்லைன்னு வந்தா சீக்காம்!

"இவ்வளவு மாத்திரை போட்டா உங்க பந்தியும் காலியாத் தெரியணும். தெரியல. அப்படின்னா உங்க பந்தியில கூட்டம் முட்டி மோதுதும்மா. மாத்திரை பாதிப் பேரத் தொரத்தினதுனால அளவாத் தெரியுது. தைராய்டு வேலை செய்யாம மந்தமாக் கெடந்தாத்தான் அதத் தூண்ட இத்தனை கூட்டம் வரும், உங்களுக்கு அப்படித்தான்னு சந்தேகப்படறேன். குளிர் தாங்க முடியலையா?"ன்னா. "இல்லவே இல்ல, அந்த ஏசிய மட்டும் நிறுத்துங்க"ன்னேன். "எடை ஏறுதா?" "தையக்காரன் ரவிக்கையச் சின்னதாத் தைக்கறான்." "குரல் எப்பவும் இப்படிக் கரகரன்னுதானா?" "கல்யாண ஊட்டுல கத்திக் கத்தி." "முடி கொட்டுதா?" "அதுக்குத்தானுங்க மாத்திரை!"

"அம்மா, முடி கொட்டறதே அந்த நோயினாலதான் இருக்கும். நீங்க முடிக்குப் போடற மாத்திரை அந்த நோயத்தான் மறைச்சு வெச்சிருக்குது. இப்படியே விட்டா இருதயத்துல போய் உக்காரும். மாத்திரைய நிறுத்திட்டு ஒரு தடவை வாங்க, போதும்"னா. அவ கண்ணுல தண்ணி வராத கொறை. நல்லா நடிக்கறா. அன்னையில இருந்து இந்தப் போனுதான். நான் மாத்திரைய நிறுத்துவனா? நிறுத்துனா இருக்கறதும் போயிருமல்லோ.

சரி அத உடு. ஒரு வாரம் நிறுத்திட்டு மறுபடியும் எடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லைன்னு வந்துருச்சு. டீச்சரம்மாவே எங்க ஊட்டுக்கு வந்து ரஞ்சனியப் பக்கத்துல உக்கார வெச்சு, தலைய நீவி உட்டு, "பரீச்சையில பாஸ் பண்ணினது முடி இல்லம்மா, நீ"ன்னாங்க. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. உப்புச்சக்கரை மாத்துனோம். முப்பத்திரெண்டு!

ஆனா என்ற வெசனம் தீரல. இந்த மாப்பிள்ளை என்ன பண்ணிப்போட்டான்? நேராப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்து நிக்கறான். கல்யாணத்துக்கு எண்ணி பத்து நாளு! "இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க பெரியம்மா, காத்தாட இருக்குது"ங்கறான். போகட்டும், முகூர்த்தத்துல தலைப்பாவாட்டக் கட்டற உருமாலையில மறைஞ்சுக்கும்னு நெனைச்சேன். போட்டோ எடுக்கற நேரம் பாத்து உருமாலையக் கழட்டிட்டான். ரஞ்சனியும் சவுரி வேண்டாம்னுட்டா. இத்துனூண்டு ஜடையில ஒரு முழம் பூ. நான் பண்ணி வெச்ச கல்யாணத்துலயே போட்டோ கேவலமா வந்தது இதுதான். அந்த போட்டோவ ரெண்டும் பெருசு பண்ணி நடு ஊட்டுல மாட்டி வெச்சிருக்குதுங்க. இப்பவும் வாரம் ஒருக்கா வழிச்சுக்கறான், அவளுக்கு அதுதான் புடிச்சிருக்குதாம். அவளும் இப்பக் கண்ணாடி முன்னால நின்னா நகர்றதில்ல.

எல்லாம் அந்த வெளிச்ச மெஷினு பண்ணுன வேலை.

ஆனா மாப்பிள்ளைக்கு என்ற மேல பாசம் ஜாஸ்தி. விருந்துக்கு வந்தப்ப அவரே, "பெரியம்மா, நீங்க போடறது பழைய சரக்கு. இது வெளிநாட்டுது, முடிக்கு இதவிட மாத்திரையே இல்ல"ன்னு ஒரு பாட்டில் குடுத்தாரு. என்றகிட்ட இருந்த பழசையெல்லாம் பீரோவுக்கடியிலிருந்துகூடத் தேடி எடுத்துத் தூக்கிப் போட்டுட்டாரு. ரெண்டும் கலந்தா வேலை கெட்டுப் போயிருமாம். ரஞ்சனி தெனமும் போனு பண்ணி, "பழசு ஒண்ணுகூடப் போடலியே பெரியம்மா?"ன்னு கேக்கறா. புள்ளைக்கு அத்தனை அக்கறை.

இந்தா, நீயும் ஒண்ணு போட்டுக்க. உன்ற முடி நல்லாத்தான் இருக்குது, ஆனா வகிடு கொஞ்சம் அகலமாகுது. முழுங்க வேண்டாம், சப்போணும். ஏன் சிரிக்கறே? ஆரஞ்சு மிட்டாயாட்ட இருக்குதா? அப்படித்தான் இருக்கும். வெளிநாட்டுக்காரன் எதையுங் கசப்பாப் பண்ண மாட்டான். மூணு வாரமா இதுதான் போடறேன், வேர்ல குறுகுறுங்குது. மொளைக்குதாட்ட.

ஊஞ்சவேலாம்பட்டி தாண்டிட்டமா? இரு, மறுபடியும் போனு. இது ரஞ்சனி. ஏங் கண்ணு... வந்துட்டேன் வந்துட்டேன்... ஆமா, பச்சத்தண்ணிதான் குடிச்சேன், வேற ஒண்ணும் திங்கல... சரி கண்ணு.

என்ற பட்டுச் சேலை இன்னும் பாக்கி இருந்துச்சல்லோ, அத எடுக்கத்தான் போறேன். இங்க துணிக்கடையில பட்டெடுக்கறவங்களுக்குப் பெரிய விருந்து போடறாங்களாம், அதனால வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்கறா. கடை அந்த லேபுக்கு எதுத்தாப்புலதான். வேற எடமே கெடைக்கலியான்னு கேட்டேன். அங்கதான் கலரு நல்லா இருக்குதாம்.

அதா பாரு, மொட்டைத் தலை மின்னறது தெரியுதா? எங்க மாப்பிள்ளைதான். பக்கத்துல ரஞ்சனி. வேகாத வெயில்ல எனக்காக நிக்கறாங்க பாரு. அக்கட்டால நிக்கறது ஆரு? குட்டை முடி... அட, வெளிச்ச டாக்டரு! இவ எதுக்கு இங்க? ஓ, கல்யாணம் நின்னு போகாமப் பண்ணுனாளல்லோ, அவளுக்கும் ஒரு சேலை எடுத்துக் குடுக்கறாங்களாட்டிருக்குது. எடுக்கட்டும், பாவம். ஆனா நான் எடுத்ததுக்கு அப்புறந்தான் அவ எடுக்கோணும், சொல்லிட்டேன்.

அம்மிணி, எறங்கறதுக்கு முன்னால ஒரு ஒத்தாசை பண்ணு. இந்த ஸ்வெட்டரு கையைக் கொஞ்சம் மேல ஏத்தி மடிச்சு உடு. சேலையோட வளையலும் ரஞ்சனி வாங்கித் தர்றாளாம், அளவு பாக்க வசதியா முழங்கைக்கு மேல மடிச்சுட்டு வரச் சொன்னா. எந்தக் கைன்னு சொல்லல. ரெண்டையும் மடிச்சு உட்டுரு.